ஒல்லாந்து மொழியில் ஓர் அவைவணக்கம்

வாசகரே, இந்த வழக்கில் நீங்களே சாட்சி. ஆகையால் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: நான் பயந்தாங்கொள்ளி. சிட்னித் தமிழ்ச் சொற்போர் மேடைகளில் எதிரணியைக் கலங்கடித்தவன் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் (பெரும்பாலும் நானே சொல்லியிருப்பேன்) அதையும் நம்புங்கள். ஆனால் அதே சிட்னியில், பரமட்டாவில் ஒரு மாடி வகுப்பறையில், ஒரு வெற்றுத்தாளுக்கு முன்னால் எனக்கு நேர்ந்ததையும் சேர்த்தே சாட்சி சொல்லுங்கள்.

தர்சினி நெதர்லாந்தில் வளர்ந்தவள். எங்கள் கல்யாணம் பேசி முடிந்திருந்தது. கல்யாணம் ஆனதும் நான் அங்கே போவதாக ஏற்பாடு. வீடியோ அழைப்பில் அவளுடைய தகப்பனார் ஒரேயொரு நிபந்தனை வைத்தார்.

“தம்பி, இங்க வந்து டச்சு தெரியாமல் நிண்டால் உமக்கு வேலையும் இல்லை, வாயும் இல்லை. முதல்ல டச்சுச் சோதனையைப் பாஸ் பண்ணும். பிறகு நாள் வைப்பம்.”

“ஓம் அங்கிள், அது சின்ன விசயம்,” என்றேன்.

நாள் வைக்காத கல்யாணங்கள் எப்படி மெல்ல மெல்லக் காணாமற்போகும் என்பதற்கு நாங்கள் இருக்கும் வென்ட்வேர்த்வில்லில் உதாரணங்கள் பல உண்டு. அவை ஒவ்வொன்றும் சோதனைக்கு முந்திய வாரம் என் கனவில் வந்து நலம் விசாரித்துவிட்டுப் போயின. யாழ்ப்பாணத்தில் கோட்டை கட்டிவிட்டுப் போன ஒல்லாந்தரின் மொழி, கடல் கடந்து வந்து என் கழுத்தைப் பிடிக்கும் என்று யார் நினைத்தார்கள்!

பேச்சுச் சோதனையில் எப்படியோ தப்பினேன். எழுத்துச் சோதனையில்தான் மாட்டினேன். டச்சு வகுப்பு ஆசிரியை அன்னெக்கா தாளை வைத்துவிட்டுப் போனார். கேள்வி எளிது: அயல்வீட்டுக்காரர் உங்களைச் சனிக்கிழமை சாப்பிட அழைத்திருக்கிறார். உங்களால் போக முடியாது. அதைச் சொல்லி, காரணம் சொல்லி, வேறொரு நாளைக் கேட்டு ஒரு சிறு கடிதம் எழுதுங்கள்.

மேடையில் நடுங்கினால் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொள்ளலாம். இங்கே பிடிப்பதற்குப் பேனாவைத் தவிர ஒன்றுமில்லை, அதுவும் நடுங்கியது. கைதட்ட ஒருவர் இல்லை, முகம் பார்க்க ஒருவர் இல்லை. பயத்தில் மனிதன் தனக்குத் தெரிந்த ஒன்றைத்தானே பற்றிக்கொள்வான்? எனக்குத் தெரிந்தது அவைவணக்கம்.

பெருமதிப்புக்குரிய அயல்வீட்டுக்காரரை வணங்கினேன். அவருடைய மனைவியை வணங்கினேன். பிள்ளைகளை வணங்கினேன். விட்டுப்போனால் மனம் நோவார்களே என்று அந்தத் தெருவில் குடியிருக்கும் சகலரையும் வணங்கினேன். பிழையோடுதான், ஆனால் பணிவோடு. இனி விடயத்துக்கு வரலாம் என்று பேனாவை நிமிர்த்திய அந்தக் கணத்தில், அன்னெக்கா மேசை மணியை ஒரு தட்டுத் தட்டினார்.

பாதி நேரம் முடிந்தது என்பதற்கான மணி அது. மற்ற எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. எனக்கோ, பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டி நாள்முதல் மணிக்கு ஒரே பொருள்தான்: பேச்சை முடி, இல்லையேல் புள்ளி வெட்டப்படும். நான் எழுந்தே நின்றுவிட்டேன். வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. வெட்கத்தோடு உட்கார்ந்து, கிடுகிடுவென்று, “ஆகவே, அன்பே பெரிது என்று கூறி விடைபெறுகிறேன், நன்றி” என்று எழுதி, தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நேரத்துக்குள் முடித்துவிட்ட பெருமை வேறு!

எல்லோரும் போன பிறகு அன்னெக்கா என்னை அழைத்தார். பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது; என் காதில் மட்டும் அது தீர்ப்பு வாசிப்பதுபோல் விழுந்தது.

“எழுத்துப்பிழைக்கு நான் புள்ளி வெட்டுறதில்லை. புதுசாப் படிக்கிறவர்கள் பிழை விடத்தான் செய்வார்கள். வாசிக்கிறவருக்கு விசயம் விளங்குதா என்றுதான் பார்ப்பேன். உங்கள் அயல்வீட்டுக்காரர் இதை வாசித்துவிட்டு என்ன செய்வார்?”

“கைதட்டுவார்,” என்றேன். (பழக்கம்.)

“இல்லை. உங்களுக்கும் சேர்த்துச் சமைத்துவிட்டு, சனிக்கிழமை முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பார்.”

வராதது, காரணம், வேறு நாள். மூன்றுக்கும் பூச்சியம்.

ரயிலில் வரும்போதே தர்சினிக்குச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் கைப்பேசி அதிர்ந்தது. “ஐயோ, தெருவுக்கே வணக்கம் சொன்னீரோ! சரி, இப்ப அப்பாவுக்கு ஆர் சொல்லுறது?” என்றாள். பிறகு அவள் சிரிக்கவில்லை.

இன்று நாங்கள் ஒரே வீட்டில் இருக்கிறோம். யாராவது எங்களை விருந்துக்கு அழைத்தால், நான் வாய் திறக்குமுன், “முதல்ல வாறீரோ இல்லையோ எண்டதைச் சொல்லும், பிறகு தெருவுக்கு வணக்கம் சொல்லலாம்” என்பாள் தர்சினி. என் அக்கா இதைக் கதையாக்கி, தூரத்தில் மல்கிரேவில் இருக்கும் சொந்தங்கள்வரை கொண்டுசேர்த்துவிட்டாள். ஆனால் அன்று மாலை இதில் எதுவும் எனக்குத் தெரியாது. திரையில் தர்சினியின் தகப்பனார் கண்ணாடியைச் சரிசெய்தபடி உட்கார்ந்திருந்தார். என் முதுகுக்குப் பின்னால் அம்மா மூச்சுவிடாமல் நின்றார்.

“என்ன தம்பி, சோதனை எப்பிடி?”

தொண்டையைச் செருமவில்லை, வணக்கமும் சொல்லவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்:

“பெயிலாப் போனன், அங்கிள். அடுத்த மாதம் திரும்ப எழுதுறன். பாஸ் பண்ணுவன், அங்க வருவன், தர்சினியைத்தான் கட்டுவன்.”