எனக்குப் பதிலாகப் பயிற்சிக்குப் போன ஷட்டர்

காவிரிப் பாசனத்தில் ஒரு நாளும் மூடாத ஒரே மதகு எங்கள் ஷட்டரின் வாய்தான். வாய்க்கால் தலைப்பில் மதகின் ஷட்டர் பலகையை ஏற்றி இறக்குவது அவர் வேலை. அதனால் திருவையாறு பக்கம் இருந்த எங்கள் பாசன அலுவலகத்தில் அவருக்கு அந்தப் பெயர். சொந்தப் பெயர் சம்பள நாளன்று மட்டும் புழக்கத்துக்கு வரும். ஆற்றில் தண்ணீர் இல்லாத காலத்தில் அலுவலகத்துக்கு வந்து எங்கள் காதுகளுக்குப் பாசனம் செய்வார்.

என் மனைவி இறந்து, காரியமெல்லாம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய வாரம் ஒரு சுற்றறிக்கை வந்தது. பணியிட மனநல விழிப்புணர்வுப் பயிற்சியாம். அலுவலகத்துக்கு ஒருவர் தஞ்சாவூருக்குப் போக வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீங்க போயிட்டு வாங்க சார், கொஞ்சம் மாறுதலா இருக்கும்," என்றார் பொறியாளர்.

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்!" என்று எரிந்து விழுந்தேன். நன்றாக இல்லை. சோறு இறங்கவில்லை, யாராவது ஆறுதல் சொல்ல வந்தால் எழுந்து போய்விடுவேன். கடைசியில், போனால் யாருக்கும் நஷ்டமில்லை என்று ஷட்டரை அனுப்பினோம். ஒரு துணிப்பையோடும் ஒரு கொள்கையோடும் திரும்பி வந்தார்.

"யாருக்காச்சும் மனசு சரியில்லன்னா பக்கத்துல போய் உக்காரணும். குறுக்க பேசக் கூடாது. புத்தி சொல்லக் கூடாது. அவ்வளவுதான் சார் வைத்தியம்!"

இதைச் சொல்லி முடிக்க அவருக்கு ஒரு முற்பகல் பிடித்தது.

மறுநாளே நாற்காலியை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். டைப்பிஸ்ட் அம்மா ஒரு கொட்டாவி விட்டால் போதும், பக்கத்தில் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்ப்பார். "இவரு எந்திரிச்சுப் போனாலே என் மனசு சரியாயிரும் சார்," என்று சொல்லிவிட்டு அந்த அம்மா மருத்துவ விடுப்பில் போனார்.

அடுத்து கடைமடை விவசாயிகள் முற்றுகைக்கு வந்தார்கள். ஆட்சி மாறினால் எங்கள் சுவரில் படம் மாறும். கடைமடைக்குத் தண்ணீர் போகாதது மட்டும் மாறாது. பச்சைத் துண்டுக்காரர் ஒருவர் தொண்டை கிழியக் கத்தினார். ஷட்டர் நாற்காலியை அவர் பக்கத்தில் போட்டார்.

"சொல்லுங்கண்ணே, கேட்டுக்கிட்டிருக்கேன்."

"நாத்து காயுது. தண்ணி எப்பய்யா வரும்?"

"அதுக்கெல்லாம் பதில் சொல்லக் கூடாதுண்ணே. கேக்க மட்டும்தான் செய்யணும்னு பயிற்சியில சொல்லியிருக்காங்க."

"அதத்தானய்யா இந்த ஆபீஸ்ல காலங்காலமா செய்றீங்க!"

கூட்டமே சிரித்துவிட்டது. முற்றுகை டீயோடு முடிந்தது. பயிற்சியால் நல்ல பலன் என்று பொறியாளர் மேலிடத்துக்கு எழுதிப் போட்டார். தண்ணீரைப் பற்றி எழுத மறந்துவிட்டார்.

அன்று மதியம் டிபன் பாக்ஸைத் திறக்காமல் வெறித்துக்கொண்டிருந்தேன். அவள் கட்டிக் கொடுத்துப் பழகிய பாக்ஸ். இப்போது நானே எதையோ அள்ளிப் போட்டுக்கொண்டு வருகிறேன். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. திட்டத்தான் வாயெடுத்தேன், அழுகை வந்துவிட்டது.

மனுஷன் ஒரு வார்த்தை பேசவில்லை. உதடு துடிக்கிறது, தொண்டை ஏறி இறங்குகிறது. தோள் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

அழுது ஓய்ந்த பிறகு, "ஏதாவது பேசுங்க ஷட்டர்," என்றேன்.

துண்டை எடுத்தார். "பேசலாமா சார்?"

"பேசுங்க."

சாயங்காலம் வரை பேசினார். என்ன பேசினார் என்று ஒரு வரி நினைவில்லை. நடுவில் எப்போதோ பாக்ஸைக் காலி செய்திருந்தேன். அவள் போன பிறகு நான் வயிறாரச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.