என் படுக்கையறையில் இருந்த கனடா

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். பிறர் கண்டுபிடித்துச் சொல்வதைவிட நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் கௌரவமாவது மிஞ்சும். கனடா என்கிற அத்தனை பெரிய தேசத்தைத் தன் படுக்கையறைக்குள் கொண்டுவந்து வைத்துக்கொள்ளச் சம்மதித்த முட்டாள், இந்த அந்தமானில் நான் ஒருவன்தான். அதற்கு மின்கட்டணம் கட்டியவனும் நானே. அதில் ஜலதோஷம் பிடித்து மூக்குச் சிந்தியவனும் நானே.

காரணம், ஏசி அண்ணன். போர்ட் பிளேரில் அவர் அளவுக்குக் குளிரை உண்டாக்கியவரும் கிடையாது, அவர் அளவுக்குக் குளிருக்குப் பயந்தவரும் கிடையாது. சௌல்தாரி தொடங்கி எங்கள் லம்பா லைன் வரைக்கும் எந்த வீட்டில் ஏசி படுத்தாலும் அவர்தான் டாக்டர். இங்கே கடல் காற்று இரும்பை முறுக்கு மாதிரி தின்றுவிடும். வெளியே மாட்டிய பெட்டி இரண்டு மழைக்காலம் தாங்கினால் அதிசயம். "கடல் நம்ம பார்ட்னர் சார். அது கெடுக்கும், நான் சரி பண்ணுவேன்" என்பார். ஆனால் அந்த மனிதர் ஃபிரிட்ஜைத் திறக்கும்போது பார்க்க வேண்டும். குரங்குக் குல்லாயைக் காது வரை இழுத்துவிட்டு, ஓர் ஓரமாக ஒதுங்கி நின்று, உள்ளே புலி இருப்பதுபோலக் கதவை இழுப்பார். வெளியே சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்.

இன்னொரு பிரசித்தியும் அவருக்கு உண்டு. போன் செய்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுவார்.

"அண்ணே, ஏசி ஓடலை."

"கை வைக்காதீங்க. வந்துக்கிட்டே இருக்கேன்."

அவ்வளவுதான். நாலு நாள் கழித்து வருவார். அந்த நாலு நாளும் நாம் ஏசியில் கை வைக்காமல் வியர்வையில் மிதக்க வேண்டும். வேறு ஆளைக் கூப்பிட்டோமென்று தெரிந்தால் தெருவில் நம்மைப் பார்த்தும் பார்க்காதது போலப் போவார். அதற்குப் பயந்தே யாரும் கூப்பிடுவதில்லை.

இப்பேர்ப்பட்டவருடைய மனைவி ஒரு நர்ஸ். ஊரே சிஸ்டர் என்று கூப்பிடும். அந்த அம்மாள் பரீட்சை எழுதி, கனடாவில் வேலை வாங்கி, மகளையும் கூட்டிக்கொண்டு இரண்டு வருஷத்துக்கு முன்பே போய்விட்டார். புரோத்ராபூர் வீட்டில் ஏசி அண்ணன் மட்டும் மிச்சம். ஒருநாள் அவருக்கும் விசா வந்தது. வந்த அன்றே ஆளுக்கு ஜுரமும் வந்தது.

"மைனஸ் முப்பதாம் சார்! அரே, நம்ம ஃப்ரீஸரே அவ்வளவு போகாது."

"உங்கப்பா இலங்கை மலையில தேயிலைத் தோட்டத்துல இருந்தவர்தானே அண்ணே? குளிர் உங்க ரத்தத்துலயே இருக்குமே?"

"எங்க வம்சத்துக்கு எழுதின குளிரையெல்லாம் எங்கப்பாவே அனுபவிச்சுத் தீர்த்துட்டார். என் பங்குக்கு ஒண்ணும் வைக்கல. என்னால ஏலாது சார்."

சரி, பயிற்சி எடுக்கலாம் என்று முடிவு செய்தார். முதலில் மீன் படகுகள் வந்து நிற்கிற ஜெட்டித் துறையில் ஐஸ் உடைக்கிற கொட்டகைக்குப் போய் உட்கார்ந்தார். சூரை மீனுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கோணிதான் இடைவெளி. ஏலத்துக்கு வந்த தெலுங்குக்கார அம்மாள் கோணியை விலக்கியபோது குல்லா போட்ட தலை ஒன்று எழுந்து, "நமஸ்தே" என்றிருக்கிறது. அந்த அம்மாள் போட்ட கூச்சலில் அன்றைக்கு ஏலமே நின்றுபோனது. அத்தோடு அங்கே அவருக்குத் தடை.

அன்று மாலை அவர் என் வீட்டு வாசலில் நின்று புலம்பியபோதுதான் நான் அந்தச் சரித்திரப் புகழ் வாய்ந்த வார்த்தையைச் சொன்னேன். "என்னத்துக்கு அண்ணே மீனோட படுக்கணும்? எங்க வீட்டு ஏசியைப் பதினாறு டிகிரியில வச்சுட்டு உட்காருங்களேன்."

வேடிக்கைக்குத்தான் சொன்னேன். எங்கள் அலுவலகத்தில் என் நகைச்சுவைக்கு யாரும் சிரிப்பதில்லை. ஆனால் யாரும் அதை நம்பிப் பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்ததும் இல்லை.

மறுநாள் மத்தியானம், சாப்பிட்டுக் கண்ணயரலாமென்று படுத்தவன் எழுந்து பார்த்தால் கட்டில் ஓரத்தில் ஏசி அண்ணன். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் இரவல் வாங்கிய தடித்த கோட்டு, கையுறை, இரண்டு ஜோடி காலுறை, மடியில் வெந்நீர் ஃபிளாஸ்க்.

"நீங்க தூங்குங்க சார். டென்ஷன் மத் லோ, கவலையே படாதீங்க. நான் பாட்டுக்குக் கனடாவுல இருக்கேன்."

பிறகு தினமும் இதே கதை. நானும் என் மனைவியும் வீட்டிலிருக்கிற போர்வைகளையெல்லாம் சுற்றிக்கொண்டு வெற்றிலைக் கட்டு மாதிரி கிடப்போம். கரண்ட் போனால் கோட்டுப் பொத்தானை அவிழ்த்துவிட்டு, "அங்க வெயில் காலம் வந்துருச்சு" என்பார். கனடாக்காரர்கள் எதற்கெடுத்தாலும் மன்னிப்புக் கேட்பார்களென்று மகள் சொல்லிவிட்டாளாம். நாற்காலியிடம் சாரி, கதவிடம் சாரி, எங்கள் வீட்டுப் பூனையிடம் சாரி. எங்களிடம் மட்டும் ஒரு சாரி வரவில்லை.

இதெல்லாம் போதாதென்று ஒருநாள் பனியில் நடக்கப் பழகுகிறேன் என்று எங்கள் ஃப்ரீஸரைச் சுரண்டி, வந்த உறைபனியை வராந்தாத் தரையில் தூவி, யானைக்குட்டி போல அடிமேல் அடி வைத்தார். அவர் ஒழுங்காகத்தான் நடந்தார். அவருக்குத் தேநீர் கொண்டுபோன நான்தான் வழுக்கி, தேநீரும் நானும் தனித்தனியாகப் போய் விழுந்தோம்.

"பார்த்தீங்களா சார்? இதுக்குத்தான் டிரெயினிங் வேணும்கிறது!"

அவருக்கு இரண்டு தடவை வழியனுப்பு விழா நடந்தது. இரண்டு தடவையும் தெருவே கூடிப் பிரியாணி தின்றது. இரண்டு தடவையும் அவர் போகவில்லை. முதல் தடவை, மழை என்றார். அடுத்த தடவை, "ஒரு பெங்காலி வீட்டு ஃபிரிட்ஜ் பாக்கி இருக்கு, நம்பிக்கை துரோகம் பண்ண ஏலாது" என்றார். தீவு ஜனங்கள் யாரும் கோபப்படவில்லை. மெயின்லேண்ட் போகிற கப்பல் நாள் தள்ளிப்போய்த் தள்ளிப்போய்ப் பழகியவர்கள். கப்பல் சங்கு ஊதும் வரைக்கும் எவனையும் போனவனாக எண்ணுவதில்லை. மூன்றாவது பிரியாணி எப்போது என்றுதான் கேட்டார்கள்.

கோபப்பட்டது சிஸ்டர். ஒருநாள் மத்தியானம் எனக்கே போன் வந்தது.

"அண்ணே, அவரு இன்னும் உங்க வீட்டு ரூம்லதான் இருக்காரா?"

"இப்பத்தான் காலுறை மாட்டறார்ம்மா."

"இங்க வீட்டுக்குள்ள ஹீட்டர் ஓடுது. பனியன் போட்டுக்கிட்டு உட்காரலாம். ஆயிரம் தடவை சொல்லிட்டேன். மூணாவது டிக்கெட் போட்டிருக்கேன். இதுக்கும் வரலைன்னா, மக படிப்பை நிறுத்திட்டு நானும் அவளும் மூட்டை கட்டிக்கிட்டு அங்கயே வந்துடறோம். தனியா என்னால ஏலாது அண்ணே." கடைசி வாக்கியத்தில் குரல் உடைந்துவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. நேராகப் படுக்கையறைக்குப் போய் ரிமோட்டைப் பிடுங்கி ஏசியை அணைத்தேன். "வீட்டுக்குள்ள ஹீட்டர் இருக்காமே! பனியனோட உட்காரலாமாமே! அப்புறம் என்னத்துக்குய்யா நாங்க ரெண்டு பேரும் இங்க விறைச்சுச் சாகறோம்?"

ஏசி அண்ணன் கையுறையைக் கழற்றினார்.

"குளிரு இல்ல சார். காலையில எழுந்ததும் என் போன் அடிக்கும். ஹேவ்லாக் தீவுல ஹோட்டல்காரன், இங்க பேங்க் மேனேஜர், நீங்க. யாராவது ஒருத்தர் கூப்பிட்டுக்கிட்டே இருப்பீங்க. அங்க ஊரே ஃபிரிட்ஜுக்குள்ள இருக்கு. என்னை யாரு கூப்பிடுவா?"

போர்வைக்குள்ளிருந்து என் மனைவிதான் பேசினாள். திருநெல்வேலிக்காரி, சுற்றி வளைக்கத் தெரியாது.

"அங்க ஒருத்தி ரெண்டு வருசமாக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கா அண்ணாச்சி. அவகிட்டயும் 'வந்துக்கிட்டே இருக்கேன்'னுதானே சொல்லுதிய? எங்க வீட்டுக்காவது நாலு நாள்ல வந்திருவிய."

ஏசி அண்ணன் குல்லாயைக் கழற்றி மடித்தார். அவர் தலை வழுக்கை என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

விமான நிலையம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். மூன்றாவது டிக்கெட்டுக்கான நாளன்று தெரு முழுக்க வந்தது. அவர் திரும்பி ஓடினால் பிடிப்பதற்காக நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். உள்ளே நுழையப் போகிற நேரத்தில் போன் அடித்தது. எடுத்தார். "கை வைக்காதீங்க. வந்துக்கிட்டே இருக்கேன்" என்று யாருக்கோ சொல்லிவிட்டு, அப்படியே உள்ளே போய்விட்டார். அந்தப் பாவப்பட்ட வீட்டுக்காரர் இன்னும் காத்திருக்கிறாரோ என்னவோ.

பிறகு என் படுக்கையறை இந்தியாவுக்குத் திரும்பியது. நிம்மதியாகத் தூங்கினேன் என்று எழுதத்தான் ஆசை. மத்தியானத்தில் பாழாய்ப்போன கை தானாக ரிமோட்டை எடுத்துப் பதினாறு வைக்கிறது. கட்டில் ஓரத்து நாற்காலியை எடுத்துப் போடச் சொல்லி மனைவியும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

போன வாரம் சிஸ்டர் போனில் பேசினார். குளிரெல்லாம் அவரை ஒன்றும் செய்யவில்லையாம். "எங்களைப் பார்த்ததுல ஆளு கொழுத்துட்டாரு. ஆனா போனைச் சார்ஜ் போட்டு மடியிலயே வச்சுக்கிட்டு ஜன்னல் ஓரமா உட்கார்ந்திருக்காரு அண்ணே. ஒருத்தரும் கூப்பிடறதில்ல."

அன்றைக்கு என் ஏசி வெகு ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. பல் கிட்டிக்கிற குளிர். போர்வைக்குள்ளிருந்து விரலை மட்டும் வெளியே நீட்டி, "அண்ணே, ஏசி ஓடலை" என்று அவருக்குச் செய்தி அனுப்பினேன்.

அனுப்பிய கையோடு பதில் வந்தது:

"கை வைக்காதீங்க. வந்துக்கிட்டே இருக்கேன்."