வால் கனத்த ராக்கெட்

ராக்கெட்டின் வால் மறுபடியும் தொங்கியது.

சாப்பாட்டு மேசைக்கு மேலே விளக்குக் கொக்கியில் ஒரு நூலைக் கட்டி, அதில் ராக்கெட்டைத் தொங்கவிட்டிருந்தான் வெண்டெல். நூல் கட்டிய இடத்தில் அது தராசுக் கோல் போலப் படுக்கையாக நிற்க வேண்டும். நேற்று மாலை அப்படித்தான் நின்றது. இன்று வேலையிலிருந்து வந்து பார்த்தால் மூக்கு கூரையைப் பார்க்கிறது, வால் சாலட் கிண்ணத்துக்குள் இறங்கியிருக்கிறது.

"மார்சி, இதை யாராவது தொட்டீங்களா?"

"தொடணும்னு எனக்கும் ஆசைதான், தூக்கித் தெருவுல போடறதுக்கு," என்றாள் மனைவி சமையலறையிலிருந்து.

கூடத்தில் சாய்வு நாற்காலியில் கிடந்த மாமனார் ஆர்வின், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமலே தீர்ப்புச் சொன்னார்.

"விழும்."

ஆர்வின் ஷ்ராடர் வாழ்நாள் முழுக்க அயோவா மாநிலத்து ஊர்களின் தண்ணீர்த் தொட்டிகளுக்கு வெல்டிங் வைத்தவர். அவர் வைத்த ஒரு தொட்டிகூட இன்றுவரை விழவில்லை. அந்தத் தெம்பில், உலகத்தில் உள்ளதையெல்லாம் 'விழும்', 'விழாது' என்று இரண்டே வகையாகப் பிரித்து வைத்திருந்தார். வெண்டெல் அடித்த புத்தக அலமாரி விழும். வெண்டெல் போட்ட வாசற்படி விழும். கல்யாணத்தன்று தேவாலய வாசலில் மாப்பிள்ளையைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டுத் தன் அண்ணனிடம் அதையே சொன்னார் என்று மார்சி ஒருநாள் வாய் தவறி உளறிவிட்டாள். கோடையில் இடுப்பு எலும்பு அறுவைசிகிச்சைக்குப் பிறகு மகள் வீட்டோடு வந்து தங்கியவர், தினமும் இதே தீர்ப்பைச் சோறு தண்ணி மாதிரி வழங்கிக்கொண்டிருந்தார்.

வெண்டெலுக்கு வாழ்க்கையில் பெரிய ஆசைகள் இல்லை. பள்ளிப் பேருந்துப் பணிமனையில் வண்டிகளுக்குத் தடம் பிரித்துக் கொடுக்கும் வேலையே அவனுக்குத் திருப்தி. மாமனார் வாயால் ஒரே ஒரு முறை 'விழாது' என்று கேட்டுவிட வேண்டும். அதற்காகத்தான் இந்த ராக்கெட்.

நாமே ஒட்டிச் சேர்க்கப் பெட்டியில் வந்த விளையாட்டு ராக்கெட்தான். நீள அட்டைக் குழாய், பிளாஸ்டிக் மூக்கு, நாலு மெல்லிய பலகை இறக்கைகள், வால் பக்கம் மருந்து அடைத்த மூன்று மோட்டார் செருக மூன்று சின்னக் குழாய்கள். மூன்றும் ஒரே நொடியில் பற்றிக்கொள்ள வேண்டும், அதில்தான் வித்தையே. போன வருஷம் ஒன்றுதான் பற்றியது. ராக்கெட் ஓர் இறக்கையைப் பிய்த்துக்கொண்டு வயலில் தவழ்ந்துபோய், நடமாடும் கழிப்பறைப் பெட்டியின் கதவில் முட்டியது. உள்ளே ஊர் ராக்கெட் மன்றத்தின் தலைவி நார்மா இருந்தாள். அவள் வெளியே வந்த கோலத்தை மன்றத்தில் இன்றும் நடித்துக் காட்டுகிறார்கள்.

அதனால் இந்த முறை ரொம்ப ஜாக்கிரதை. வாலுக்குள் மூன்று சின்னக் குழாய்களையும் சேர்த்து, காய்ந்தால் கல்லாக இறுகும் எபாக்ஸிப் பசை ஒரே ஒரு சுற்று. அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. வால் கனத்தால் ராக்கெட் மேலே போய் நாலு பக்கமும் குட்டிக்கரணம் போடும் என்பது அவனுக்குத் தெரியும். அப்புறம் எப்படிக் கனத்தது?

"ஈரம்," என்று முடிவு கட்டினான். "அட்டை காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிச்சிருக்கு."

"நவம்பர்ல ஏது ஈரம்? என் உதடே வெடிச்சுக் கிடக்கு," என்றாள் மார்சி.

மூக்கைக் கழற்றி உள்ளே களிமண் அடைத்தான். நூலில் தொங்கவிட்டான். நேராக நின்றது. மறுநாள் மாலை வந்தால், வால் கிண்ணத்தில். இன்னும் கொஞ்சம் களிமண். அடுத்த நாளும் அதே கதை.

ஈரம்தான் குற்றவாளி என்று ராக்கெட்டை நிலவறையில் வீட்டைச் சூடாக்கும் உலைக்குப் பக்கத்தில் காயப் போட்டான். அது காய்ந்தது. கூடவே பிளாஸ்டிக் மூக்கும் இளகி, ஜலதோஷம் பிடித்தவன் மூக்கு மாதிரி ஒரு பக்கம் கோணிக்கொண்டது. அதைச் சரிக்கட்ட மேலே பட்டி பூசித் தேய்த்துச் சாயம் அடித்தான். மூக்கு கனத்தது, நல்லதுதான் என்று சந்தோஷப்பட்டான். மறுநாள் வால் அதையும் ஜெயித்துவிட்டது.

"பசை போட்ட மகராசன் நீதானே? போய்க் கண்ணாடியைப் பாரு," என்றாள் மார்சி. "நீ பசை வெச்சா அளவு தெரியுமா? நம்ம வீட்டுத் தபால் பெட்டி இன்னும் திறக்கல."

"ஒரே ஒரு சுத்துதான் வெச்சேன், சத்தியமா. இதோ பாரு, குழாய்கூட..." என்று எபாக்ஸிக் குழாயை எடுத்தவன் திகைத்தான். குழாய் கிட்டத்தட்டக் காலி. "இப்பல்லாம் பாதிக்குக் காத்தைத்தான் அடைச்சு விக்கிறாங்க!"

ஆர்வின் இடது கையால் கரண்டியைப் பிடித்து மெதுவாகச் சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

"வலது கைக்கு என்னப்பா ஆச்சு?" என்றாள் மார்சி.

"மூட்டு வலி," என்றார். கை மேசைக்கடியிலேயே இருந்தது.

ராக்கெட் நேராகப் போகுமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கயிற்றில் கட்டித் தலைக்கு மேலே சுற்ற வேண்டும். மூக்கு முன்னே பார்த்தபடி சுற்றினால் தேறிவிட்டது என்று அர்த்தம். வெண்டெல் பின்கட்டில் நின்று சுற்றினான். மூக்கு முன்னேதான் பார்த்தது. சந்தோஷத்தில் இன்னும் வேகமாகச் சுற்றினான். பறவைகள் குளிக்க மார்சி வைத்திருந்த கல்தொட்டியும் முன்னேதான் இருந்தது.

தொட்டி இரண்டாகப் பிளந்தது. ராக்கெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"அட்டைக் குழாய்னு சொன்னே?" என்று மார்சி கேட்ட குரலில், இன்று இரவு தனக்குச் சோபாதான் என்று வெண்டெலுக்குப் புரிந்தது.

இத்தனை கனத்துக்குப் பெட்டியில் சொன்ன மோட்டார்கள் போதாது. பெரிய மோட்டார்கள் வாங்கினான். பெரிய மோட்டார்களும் வாலில்தான் உட்காரும். ஆகவே மூக்குக்கு இன்னும் களிமண். கடைசியில் ராக்கெட்டைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை துணிச்சலை வரவழைத்துக்கொண்டு கேட்டான்.

"நாளைக்குச் சீசனோட கடைசி ஏவல், மாமா. நீங்களும் வாங்களேன்."

மாட்டார் என்றுதான் நினைத்தான். ஆனால் கிழவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வரேன். அந்தப் பெரிய கோட்டை எடுத்து வைக்கச் சொல்லு."

வெண்டெலுக்கு அன்று தூக்கமே பிடிக்கவில்லை. சோபாவும் ஒரு காரணம்.

சோயா அறுத்த வயலில் காற்று காதைக் கடித்தது. மன்றத்தார் மிளகாய்க் கறிச்சாறும் இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டியும் வைத்துத் தின்றபடி நின்றார்கள். கழிப்பறைப் பெட்டியை இந்த முறை டிராக்டர் வைத்து வயலின் மறுகோடிக்கு இழுத்துப் போயிருந்தார்கள். யார் கேட்டாலும் காற்றுத் திசைக்காக என்றார்கள்.

ராக்கெட்டைச் சோதிக்கத் தூக்கிய நார்மாவுக்கு முழங்கை இறங்கியது.

"என்னய்யா இது, ராக்கெட்டா, வேலிக் கம்பமா?"

"மூக்குல களிமண் கொஞ்சம் ஜாஸ்தி."

"கொஞ்சமா? இதுல ஒரு அடுப்பே கட்டலாம்." திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நிதானமாத்தான் நிக்குது. மோட்டாரும் மல்லுக்கட்டித் தூக்கிடும். ஆனா மூணும் பத்தணும். ஒண்ணு ஏமாத்தினாலும் அந்தக் கோடியில இருக்கிற பெட்டிக்கு நான் பொறுப்பில்ல."

எண்ணினார்கள். வெண்டெல் பொத்தானை அழுத்தினான்.

மூன்றும் பற்றின! ஒரே நொடியில், ஒரே தீயாக! வெண்டெல் தன் வயதை மறந்து குதித்தான். ராக்கெட் கர்ஜித்துக்கொண்டு கிளம்பியது. தொந்தி உள்ள மனிதர் மாடிப்படி ஏறுகிற மாதிரி மூச்சு வாங்க ஏறியது. மன்றத்தார் எதிர்பார்த்த உயரத்தில் பாதி போனதும், போதும் என்று தோன்றிவிட்டது போல நின்று, மூக்கைத் தரைப் பக்கம் திருப்பியது.

"பாராசூட்!" என்று கத்தினான் வெண்டெல். "விரி! விரி!"

அந்த மோட்டார்கள் இன்னும் சில நொடி கழித்துத்தான் உள்ளே இருக்கும் பாராசூட்டை வெளியே தள்ளும். லேசான ராக்கெட்டாக இருந்தால் அதற்குள் இன்னும் மேலே போய்க்கொண்டிருந்திருக்கும். இது அதற்கு முன்பே சோயாத் தட்டைகளுக்கு நடுவில் மூக்கு முட்டக் குத்தி நின்றது. அப்புறம்தான் மண்ணுக்குள்ளிருந்து 'டொப்' என்று ஒரு சத்தமும், கொஞ்சம் புகையும் வந்தன.

வெண்டெலுக்கு அழுகை முட்டியது. மூன்றும் பற்றிய ஒரே நாளில் இப்படியா? அதுவும் அவர் பார்த்திருக்கும்போதா? திரும்பிப் பார்க்கவே கூசியது.

அதற்குள் ஆர்வின் ஊன்றுகோலோடு வயலில் இறங்கி, எல்லோருக்கும் முன்னால் நடந்துகொண்டிருந்தார். வெண்டெலும் நார்மாவும் ஓடிப் பிடித்தார்கள்.

மூக்கைக் காணோம். குழாயின் மேல்பாதி நசுங்கிச் சுருங்கியிருந்தது. நாலு இறக்கைகளும் வாலும் மட்டும் மண்ணுக்கு மேலே ஒரு கீறல் இல்லாமல் விறைத்து நின்றன. ஆர்வின் குனிந்து பார்த்தார். பூட்ஸ் காலால் ஓர் உதை விட்டார். அசையவில்லை. இன்னும் ஓங்கி ஓர் உதை.

"விழாது," என்றார்.

வெண்டெலுக்குக் காது அடைத்தது. "என்ன சொன்னீங்க மாமா?"

"விழாதுன்னேன். இடி விழுந்தாலும் விழாது."

கல்யாணமான நாளிலிருந்து காத்திருந்த சொல். உடைந்த ராக்கெட்டின் பக்கத்தில் நின்று வெண்டெல் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். போனால் போகட்டும், பெட்டியில் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

நார்மா மட்டும் கிழிந்த அட்டையை விலக்கி வாலுக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே மோட்டார்க் குழாய்களைச் சுற்றித் தேன் நிறத்தில் பசை, தண்ணீர்த் தொட்டியின் வெல்டிங் தையல் மாதிரி வரி வரியாக, அடுக்கடுக்காக ஏறியிருந்தது.

"யோவ் வெண்டெல், இவ்வளவு பசையை எவன்யா உள்ளே ஊத்தினான்?"

"நான் ஒரே ஒரு சுத்துதான்..."

ஆர்வின் வலது கையை முதல் முறையாகக் கோட்டுப் பையிலிருந்து வெளியே எடுத்தார். மூன்று விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

"நீ வேலைக்குப் போனதும் தினம் காலையில நீளக் குச்சியை விட்டு நான் ஒரு சுத்து வெச்சேன்ல மாப்ளே, அப்புறம் எங்கேருந்து விழும்?"