ஞாயிற்றுக்கிழமைச் சலான்

வாழைப்பழத் தோலை இளஞ்செழியன் மூன்றாவது தடவையாக நடைபாதையில் போட்டான். மூன்றாவது தடவையும் யாரோ அதை எடுத்து அவன் கையிலேயே கொடுத்துவிட்டார்கள்.

இந்தத் தடவை கொடுத்தவர், காய்கறிப் பையோடு வந்த ஒரு பஞ்சாபி அம்மாள். "கை நழுவிடுச்சு பாரு, பேட்டா" என்றார். அதோடு விடவில்லை. குப்பைத் தொட்டி வரைக்கும் கூடவே வந்து, அவன் தோலை உள்ளே போடும்வரை நின்று, தலையில் கை வைத்து ஆசீர்வாதமும் செய்துவிட்டுப் போனார்.

கொஞ்சம் தள்ளி, ஜனக்புரி மெட்ரோ வாசலில், கழுத்தில் விசிலும் கையில் அபராதச் சலான் புத்தகமுமாக நின்றிருந்தார் தஹியா. குப்பை போடுகிறவர்களைப் பிடிப்பதற்கென்றே வார்டு அலுவலகம் நிறுத்தியிருந்த இன்ஸ்பெக்டர். அவர் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இளஞ்செழியனுக்கு அவரிடமிருந்து ஒரு சலான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும்.

போன வாரம் அது கேட்காமலே கிடைத்தது. டீ குடித்த காகிதக் கோப்பை நிஜமாகவே கை தவறி விழுந்தது; தஹியா விசிலடித்தார். வார்டின் புதிய ஏற்பாட்டின்படி அபராதம் கட்டினால் மட்டும் போதாது. ஞாயிற்றுக்கிழமை காலை பூங்காவில் நடக்கும் மனமாற்ற வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும். ஒரு சலானுக்கு ஒரு வகுப்பு. அவன் முனகிக்கொண்டேதான் போனான்.

அங்கே பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. இஞ்சி டீ, ஒரு தட்டு நிறைய மட்ரி பிஸ்கட். வகுப்பை நடத்திய சுபாஷிணி இந்த ஊரிலேயே, சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பாதிதான் வரும். "ஒவ்வொருத்தரா உங்க தப்பை ஷேர் பண்ணுங்க. ஜல்தி இல்ல, ஆராமா சொல்லலாம்" என்றாள்.

பேங்கில் ரிடையரான ரங்கராஜன், மூன்றாவது மாடியிலிருந்து தான் வீசிய தயிர் பாக்கெட் கல்யாண ஊர்வலத்துக் குதிரையின் தலையில் விழுந்து, மாப்பிள்ளையோடு குதிரை ஓடிப்போன கதையைச் சொன்னார். சேலத்துக்காரி பூங்கோதை, புளித்துப்போன இட்லி மாவைப் பக்கத்து மொட்டைமாடியில் கொட்டி, மறுநாள் அது உப்பிப் படியிறங்கி வந்ததைச் சொன்னாள். வட்டமே கண்ணில் நீர் வரச் சிரித்தது. தன் முறை வந்து வாயைத் திறந்தபோது, இளஞ்செழியனுக்குத் தன் குரலே வேறு யாருடையதோ போலக் கேட்டது. அவனுடைய அற்பமான காகிதக் கோப்பைக்கும் அவர்கள் சிரித்தார்கள். யாரோ கேட்காமலே இரண்டாவது டீ ஊற்றினார்கள்.

கும்பகோணத்திலிருந்து வந்த நாளாக அவனுக்கு வீடே ஆபீஸ். லேப்டாப் மீட்டிங்கில் எல்லோருக்கும் முகத்துக்குப் பதில் ஒரு எழுத்து. அம்மா போனில் "சாப்டியா" என்பாள், இவன் "சாப்டேன்" என்பான். அதற்குமேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் தோன்றாது. அவன் பெயரை நேரில் உச்சரிப்பவர்கள் கதவைத் தட்டி ஓ.டி.பி. கேட்கிறவர்கள் மட்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் அத்தனை பேர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பாதிப் பேர் தப்பாக. அதுகூட இனித்தது.

வாழைப்பழம் உதவாததால் மறுநாள் சிப்ஸ் உறையோடு போனான். தஹியாவின் மூக்குக்கு நேராகப் போட்டான். அவர் குனிந்து நிமிர்வதற்குள் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போனது. சாட்சியமே பறந்துபோகிறதே என்று பின்னாலேயே ஓடி, ஒரு ரிக்‌ஷா சக்கரத்தடியில் பாய்ந்து பிடித்தான். நிமிர்ந்தால் தஹியா போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் வார்டு வாட்ஸாப் குழுவில் அந்தப் படம் வந்தது: பிறர் போட்ட குப்பையைத் துரத்திப் பிடித்த இளைஞர்.

சனிக்கிழமை அவன் துணிந்துவிட்டான். வீட்டுக் குப்பையை மொத்தமாக ஒரு பையில் கட்டிக்கொண்டு, ஊரே கொட்டும் மார்க்கெட்டின் பின்சுவருக்குப் போனான். அங்கே அன்று பார்த்துத் துப்புரவு முகாம். பையும் கையுமாக வந்தவனைத் தஹியா தோளோடு அணைத்துக்கொண்டார்.

"வா பாபு. வீட்லேர்ந்து பை எடுத்துட்டு வந்தவன் நீ ஒருத்தன்தான்."

கையுறை மாட்டிவிட்டார்கள். மத்தியானத்துக்குள் அந்தச் சுவரடிக் குப்பையில் பாதியை அவனே அள்ளியிருந்தான். சுவரில் அவன் சிரித்த முகத்தோடு ஒரு பேனர் ஏறியது. இனி அங்கே அவனால்கூடக் குப்பை போட முடியாது.

பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டான். "சார், நான் குப்பை போட வந்தவன். அந்தச் சிப்ஸ் உறையும் நான் போட்டதுதான். சலான் எழுதுங்க."

தஹியா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டீங்களா? அடுத்தவன் தப்பைத் தன் தலையில போட்டுக்கறான். இதுதான் மனசு." எல்லோரும் கை தட்டினார்கள்.

குப்பை போட்டேன் என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல முடிந்தது. எதற்காகப் போட்டேன் என்பது மட்டும் தொண்டை வரைக்கும் வந்து, திரும்பிக் கீழே இறங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சும்மாவாவது பார்த்துவிட்டு வரலாம் என்று பூங்காவுக்குப் போனான். சுபாஷிணி வாசலுக்கு வந்தாள்.

"சாரி பய்யா, சலான் நம்பர் இல்லாம என்ட்ரி போட முடியாது. நீங்கதான் பேனர்லயே இருக்கீங்களே, உங்களுக்கு எதுக்கு இந்த கிளாஸ்?"

அவள் போனதும் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ரங்கராஜன் எழுந்து நின்று கையை விரித்து என்னவோ சொல்ல, வட்டம் குலுங்கிச் சிரித்தது. போன வாரம் அவன் உட்கார்ந்த நாற்காலியில் யாரோ கைப்பையை வைத்திருந்தார்கள். டீயின் இஞ்சி வாசனை மட்டும் வேலியைத் தாண்டி வந்தது.

பூங்கோதை தாமதமாக ஓடி வந்தாள். கையில் சலான் காகிதம்.

"ஏங்க வெளிய நிக்கறீங்க? உள்ள வாங்க."

"சலான் கிடைக்கலீங்க. வாரம் பூரா போட்டுப் பாத்துட்டேன்."

"எதைப் போட்டீங்க?"

"குப்பையத்தான். நீங்க இந்த வாரம் என்ன போட்டீங்க?"

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "குப்பையா? இங்க யாருங்க குப்பை போட்டுட்டு வர்றாங்க? வீட்ல பேச ஆள் இல்ல சார்னு சொன்னா, தஹியாவே ஒரு சலான் கிழிச்சுக் குடுத்துடுவாரே."