தொட்டிக்குள் போன மோதிரம்

நான் பி.ஏ. படித்தவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுக்கதையையும் கேட்டபின் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து நாலைந்து வருஷம் இருக்கும். புதுக்கோட்டையில் எனக்குக் குமாஸ்தா வேலை. அன்னவாசலில் பார்த்த பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. (அவளுக்கு என்னைப் பிடித்ததா என்று யாரும் கேட்கவில்லை. பயத்தில் நானும் கேட்கவில்லை.) விஜயதசமியன்று பெண்ணின் அப்பா எங்கள் வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. பஸ்ஸில் வருகிறேன் என்றவரை, சித்தப்பாவின் காரில் நானே அழைத்துவருகிறேன் என்று சொல்லியனுப்பினேன். கார் ஓட்டப் பழகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வண்டிக்கு ஏதாவது ஆனால் செலவு உன்னுடையது என்று சொல்லித்தான் சித்தப்பா சாவியைக் கொடுத்தார்.

முதல் நாள் ஆயுத பூஜை. சந்தனம், குங்குமம், மாலை என்று காருக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. மறுநாள் காலையில் வண்டி ரிப்பேரும் பார்க்கும் ராவுத்தரின் பெட்ரோல் பங்கில் இரண்டு காலன் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

போகும்போது கார் ஒழுங்காகத்தான் போயிற்று. பெண்ணின் அப்பாவை (அதற்குள் மாமா என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தேன்) ஏற்றிக்கொண்டு திரும்புகையில், நாலு மைல் தாண்டியதும் இருமியது, குலுங்கியது, நின்றேவிட்டது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும், அதற்குள் அவர் எங்கள் வீட்டில் கால் வைத்தாக வேண்டும். மாமா கடிகாரத்தைப் பார்த்தார். பானெட்டைத் திறந்து உள்ளே ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தேன். (பார்க்க மட்டும்தான் தெரியும்.)

யார் மீதாவது பழி போட்டால்தான் மானம் தப்பும் என்று தோன்றியது.

"பெட்ரோல்ல கலப்படம் மாமா. அந்த ராவுத்தரை இன்னிக்குச் சும்மா விடப்போறதில்ல."

அவ்வழியே போன பஸ் கண்டக்டரிடம், ராவுத்தரை உடனே வரச்சொல்லி இல்லாத மிரட்டலெல்லாம் சொல்லியனுப்பினேன். அடுத்த பஸ்ஸிலேயே அவர் சாமான் பெட்டியோடு வந்து இறங்கினார். சண்டைக்கு வராததே எனக்குப் பயமாக இருந்தது. தொட்டியின் அடியிலிருந்து ஒரு பாட்டிலில் பிடித்து வெயிலில் காட்டினார். மேலே பெட்ரோல், கீழே தெளிவாகத் தண்ணீர். பார்த்தீர்களா மாமா என்று நான் குதித்தேன்.

ராவுத்தர் ஒரு கம்பியை விட்டு எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"நான் தண்ணி கலந்தேன்னே வச்சுக்குங்க தம்பி. துளசி எதுக்குங்க போடப்போறேன்?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. முந்தின நாள் எல்லோரும் காருக்கு வெளியேதான் துளசித் தீர்த்தம் தெளித்தார்கள். வண்டிக்கு வயிறு தொட்டிதானே, அதற்கு ஒரு சொட்டுக்கூட இல்லையே என்று மூடியைத் திறந்து நான்தான் ஊற்றியிருந்தேன். வெட்கத்தில் காது சுட்டது.

"நீங்களா ஊத்துனீங்க?" என்றார் மாமா.

"ஆமா மாமா."

"எம்புட்டு?"

"ஒரு சொம்பு."

ராவுத்தரிடம் மன்னிப்புக் கேட்டேன். தொட்டி, கார்புரேட்டர், பம்ப் எல்லாம் கழற்றிச் சுத்தம் செய்ய நாற்பத்தைந்து ரூபாய் ஆகும் என்றார் அவர். என் சட்டைப்பையில் ஆறு ரூபாய் இருந்தது. மாமாதான் பணத்தை எண்ணிக் கொடுத்தார். ராகுகாலமும் பிறந்துவிட்டது. இனி எனக்குப் பெண் இல்லை என்று முடிவுகட்டி, அழுகையை அடக்கிக்கொண்டு நின்றேன். மாமா மர நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்தார்.

"பன்னெண்டுக்கு மேல போவோம். அங்கிட்டு வெயில்ல நிக்காதீங்க, இங்கிட்டு வந்து உக்காருங்க மாப்பிள்ளை."

தை மாதம் கல்யாணம். மணவறையில் மாப்பிள்ளைக்கு மோதிரம் எங்கே என்று யாரோ கேட்டார்கள். "அது பெட்ரோல் தொட்டிக்குள்ள போயிருச்சு" என்றார் மாமா, சபையே கேட்கும்படி. மோதிரத்துக்கான அந்த நாற்பத்தைந்து ரூபாயை வாங்கிய ராவுத்தர்தான் முன்வரிசையில் உட்கார்ந்து முதலில் சிரித்தார்.

என் விரல் இன்றும் வெறும் விரல்தான். இப்போது எங்களிடம் ஒரு ஸ்கூட்டர் இருக்கிறது. ஆயுத பூஜையன்று நான் சொம்பைக் கையில் எடுத்ததும் என் மனைவி எழுந்துபோய் அதன் பெட்ரோல் மூடியை உள்ளங்கையால் பொத்திக்கொள்வாள். நான் சொம்பைக் கீழே வைக்கும்வரை கையை எடுக்க மாட்டாள்.