எல்லாருக்கும் தோதான நாள்

“சனிக்கிழமைன்னு போன் சொல்லுது. ஒங்களுக்கு ஒண்ணும் கஷ்டமில்லையே, ஸக்கரியா நானா?”

இப்படிக் கேட்பவர்தான் தோது பார்ப்பவர். உங்கள் ஊரிலும் ஒருவர் உண்டு. இரத்தோட்டையில் அவர் பெயர் நடராஜா. கோயில் கூட்டமோ, காதுகுத்தோ, வாடகைக்கு வான் பிடித்துப் போகும் பயணமோ, நாள் குறிக்கும் வேலையை யாரும் அவருக்குக் கொடுப்பதில்லை. அவரே எடுத்துக்கொள்வார். ஒருவரைக் கேட்டு, அவர் சொன்னதை அடுத்தவரிடம் சொல்லி, அடுத்தவர் மறுத்ததை முதலாமவரிடம் கொண்டுபோய், நடுவில் சாப்பிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். முடிவு? முடிந்துவிட்டால் பிறகு யாரோடு பேசுவது?

இம்முறை விஷயம் கராம்பு. மொட்டு சிவந்துவிட்டது. விரிந்தால் விலை போகாது. மரமேறிப் பறிக்க முத்துவீரனின் ஆட்கள்தான் இருக்கிறார்கள். நடராஜாவுடையது உட்பட அக்கம்பக்கத்து ஐந்து தோட்டத்துக்கும் சேர்த்து ஒரே நாள்தான் வருவார்கள். அன்று ஐந்து வீட்டாரும் இருக்க வேண்டும்.

நடராஜாவின் மகள் நிரோஜா எல்லோருடைய கைபேசிக்கும் ஒரு நாள் அட்டவணை அனுப்பினாள். அவரவர் தோதான நாட்களைத் தொட்டார்கள். தேநீர் ஆறுவதற்குள் கைபேசியே பொதுவான நாளைப் பொறுக்கி முத்துவீரனுக்கும் செய்தி போட்டுவிட்டது. சனிக்கிழமை. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. இயந்திரத்திடம் முகம் சுளித்து என்ன பயன்?

நடராஜாவுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

“அப்பா, எல்லாரும் சரின்னுட்டாங்கப்பா!”

“சொன்னாங்கம்மா. மனசார சொன்னாங்களா?”

வெள்ளிக்கிழமை காலை பக்கத்துத் தோட்டத்து ஸக்கரியாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேவிட்டார். கேட்டதும், கஷ்டமே இல்லாத ஸக்கரியாவுக்கு ஒன்று ஞாபகம் வந்தது.

“கஷ்டம் எண்டு ஒண்டும் இல்ல. நீங்க கேட்டதால செல்றன். அண்டைக்கு மச்சான்ட ஊட்டுல கலியாணம் ஈக்கி...”

“ஐயோ, அப்ப ஞாயித்துக்கிழம வைப்போம்!”

ஞாயிறு என்றால், அடுத்த தோட்டத்து கிருஷாந்தினி டீச்சர் வஹகோட்டைத் தேவாலயத் திருவிழாவுக்குப் போகிறார். திங்கள் என்றால், அதற்கடுத்த தோட்டத்து யோகேந்திரனுக்கு ஆஸ்பத்திரி. நாள் மாறிக்கொண்டே இருப்பது காதில் விழுந்து, பின்னேரம் முத்துவீரனே அழைத்தார்.

“ஐயா, நீங்க பேசி முடிச்சிட்டுக் கூப்புடுங்க. நாங்க நாளைக்கு வேற தோட்டத்துல ஏறுறோம்.”

சிரிக்கிறீர்களா? நல்லது. எல்லோரும் ஒப்புக்கொண்ட நாளை, “எதுக்கும் ஒருக்கா கேட்டுருவோம்” என்று நீங்கள் கடைசியாகக் கலைத்தது எப்போது? ஞாபகமில்லை என்றால் மற்றவர்களைக் கேளுங்கள். அவர்களுக்கு இருக்கும்.

மறுநாள் சனிக்கிழமை. நல்ல வெயில். முத்துவீரனின் ஆட்கள் வேறு தோட்டத்தில் ஏறினார்கள். நடராஜாவின் மரங்களில் கராம்பு விரியத் தொடங்கியது. கலியாணம் ராத்திரிதான் என்பதால் ஸக்கரியா உட்பட, ஐந்து வீட்டாரும் பகல் முழுவதும் வீட்டில்தான் இருந்தார்கள்.