கெச்சரும் முப்பத்துமூன்று அடிப் பாயும்

குடாநாட்டுப் பிடிவாதக்காரர் எல்லாரையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றினாலும் கெச்சர் இருக்கும் தட்டுத்தான் கீழே போகும். கடலே இல்லாத மானிப்பாயில், வீட்டு வளவுக்குள், பாய்க்கப்பல் கட்டிய மனிதர் அவர்.

நானும் அவரும் யாழ்ப்பாணத்தில் ஒரே கந்தோரில் அடுத்தடுத்த மேசையில் வேலை பார்த்தோம். இரண்டு பாய்மரம் வைத்து, பின்மரம் கட்டையாக இருக்கும் கப்பலுக்குக் 'கெச்' என்று பெயராம். வாயைத் திறந்தால் அந்தக் கதைதான். அதனால்தான் அவர் கெச்சர். சுகமா என்று கேட்டால், "முன்மரம் முப்பத்தெட்டு அடி, பின்மரம் இருபத்தாறு" என்பார்.

சொந்த ஊர் மயிலிட்டி. சண்டைக் காலத்தில் ஆமி கரையை மூடிச் சனத்தை எழுப்பியபோது மானிப்பாய்க்கு வந்தவர். துறைமுகம் திறக்கும் என்று ஒருவரும் நம்பாத காலத்திலேயே கப்பலைத் தொடங்கிவிட்டார்.

"திறக்காட்டி என்ன செய்வியள், அண்ணை?"

"திறப்பாங்கள். திறக்கேக்கை நான் ஆயத்தமா நிக்கோணும்."

பெரிய பாயை வெட்டிய நாளில்தான் வினை வந்தது. உயரம் முப்பத்துமூன்று அடி, அகலம் பன்னிரண்டு. சுருக்கமில்லாமல் விரிக்க வழவழப்பான தரை வேண்டுமென்று கலியாண மண்டபம் ஒன்றை ஒரு நாளைக்கு எடுத்தார். வீட்டில் கலியாண வயதில் மகள். அப்பன் மண்டபம் எடுத்தால் ஊர் என்ன நினைக்கும்?

"சொல்லாமல் செய்யினம்!" என்று சொந்தக்காரர் கொதித்தார்கள். கொதித்தவர்கள் வீட்டில் இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. பட்டுச் சேலையோடு வந்து இறங்கினார்கள். கெச்சரின் சின்னம்மா முழு வாழைக்குலையோடு வந்தார். கெச்சர் துணியில் அளவு குறிக்கச் சோக்கட்டி வாங்க வெளியே போயிருந்தார். நடு மண்டபத்தில் வெள்ளை வெளேரென்று விரிப்பு. பந்திக்குத்தான் விரித்திருக்கிறது என்று எல்லாரும் வரிசையாக அதில் இருந்துவிட்டார்கள்.

திரும்பி வந்த கெச்சர் அலறினார். "ஐயோ, பாயிலை இருந்து எழும்புங்கோ!"

"பாயிலை இராமல் வேறை எங்கை இருக்கிறது?" என்றார் சின்னம்மா. "முதல்லை இலையைப் போடச் சொல்லு."

ஒருவழியாக எழுப்பிப் பார்த்தால், வாழைக்குலை வைத்த இடத்தில் பால் வடிந்து பெரிய கறை. வாழைக்கறை எந்தச் சவர்க்காரத்துக்கு மசியும்? அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் பாயைக் கொஞ்சம் சின்னதாகத் தைக்கலாம் என்றேன். முறைத்தார்.

"அளவு குறையும். கறை இருந்திட்டுப் போகட்டும்."

பிறகு துறைமுகம் திறந்தது. லொறியில் ஏறிக் கப்பல் மயிலிட்டிக்குப் போனது. அனுமதி கொடுக்க வந்த அதிகாரி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"பின்மரம் ஏன் கட்டை? மரம் காணாதெண்டு விட்டிட்டியளோ?"

"கெச் எண்டால் அப்பிடித்தான், சேர்."

"முன்மரம் உயரம் கூடிப்போச்சு. பத்தடி வெட்டுங்கோ. பாயையும் சின்னனாக்கி மோட்டர் ஒண்டைப் பூட்டினால் கடலுக்கு விடலாம்."

ஓமென்று சொல்லுங்கோ அண்ணை என்று நான் அவர் காதுக்குள் கெஞ்சினேன். கெச்சர் நிமிர்ந்து நின்றார்.

"ஒரு அங்குலமும் வெட்டமாட்டன். கடலிலை எவ்வளவு தூரம் போகலாம், எத்தினை குதிரைவலு பூட்டலாம் எண்டு இவ்வளவு காலமும் எங்களுக்கு அளந்து தந்தவங்கள். இந்தக் கப்பலுக்கு அளவு என்ரை. விடுமட்டும் இதுக்குள்ளைதான் இருப்பன்."

சொன்னபடியே இருந்தார். கந்தோருக்கு லீவு போட்டார். சமையலும் நித்திரையும் கப்பலில். திட்டிக்கொண்டே சோறு கொண்டுவந்து கொடுத்தவர் சின்னம்மாதான். காலையில் அதிகாரியின் தலை தெரிந்தால் போதும், துறைமுகமே கேட்க, "முன்மரம் முப்பத்தெட்டு, பின்மரம் இருபத்தாறு, சேர்!" என்று வணக்கம் வைப்பார். அதிகாரி பாவம். தேநீர்க்கடையில் என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "முப்பத்தெட்டு" என்றாராம். அடுத்த நாளே கையெழுத்து வைத்துவிட்டார்.

கப்பல் வெளிக்கிட்ட அன்று நானும் சின்னம்மாவும் துறைமுகத்து அலைதடுப்புச் சுவரில் நின்றோம். பெரிய பாய் முழு உயரத்துக்கும் ஏறிக் காற்றைப் பிடித்தது. அதன் நடுவில் அந்தக் கறை.

"அங்கை பார், என்ரை வாழைக்குலை போகுது" என்று சின்னம்மா கண்ணைத் துடைத்தார்.

நான் கையை ஆட்டினேன். கறை கண்ணுக்கு மறைந்த பிறகும் ஆட்டிக்கொண்டுதான் நின்றேன்.